அரை மணித்தியாலம்

கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டில் இருவகை விமானங்கள் உண்டு. ஒன்று நாம் ஓட்டுவது. ஏனையவை கணினி தானாகவே ஓட்டுபவை. பின்னவை இல்லையேல் கட்டுநாயக்க விமான நிலையம் ஊரடங்குச் சட்டம் போட்ட நகரம் போல வெறிச்சோடிக் கிடக்கும். கொட்டாஞ்சேனையில் வசிக்கும் என் தங்கையின் மகன் இந்த இரண்டாம் வகையில்தான் அதிக அக்கறை கொண்டவன். அவனது கணினியைப் போலவே விளையாட்டும் பழையது: மைக்ரோசொஃப்ட் ஃப்ளைட் சிமியுலேட்டர் 2004.

முதலில் அவனுக்கு ஒரு மர்மம். தரையிறங்கும் பெரிய விமானங்கள் ஓடுபாதையை விட்டு விலகியதும் மாயமாய் மறைந்தன. காரணத்தை அவனே கண்டுபிடித்தான். விமானத்தின் பருமனுக்கு ஏற்ற ஆரமுடைய தரிப்பிடம் நிலையத்தின் வரைபடத்தில் இல்லாவிட்டால், கணினி அதனை நிறுத்த வழியின்றி அழித்துவிடுகிறது. தரிப்பிடங்களின் ஆரத்தைக் கூட்டியதும் விமானங்கள் ஒழுங்காக வந்து நின்றன.

இரண்டாவது சிக்கலுக்கு என்னைத் தொலைபேசியில் அழைத்தான். “மாமா, எல்லாப் பிளேனும் அரை மணித்தியாலம் முந்தி வெளிக்கிடுது. சென்னையில இருந்து வெளிக்கிடுறது சரி. இங்கையிருந்து போறதுதான் பிழை.”

இணையத்திலிருந்து அவன் இறக்கிய பறப்பு அட்டவணை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. அதில் நேரங்கள் கிறீன்விச் நேரத்தில் இருக்கும். காலை 8 மணிக்குப் புறப்படவேண்டிய விமானத்துக்குக் கோப்பில் 2.00 என்றிருந்தது. அவன் ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டினான், 7.30 வந்தது.

“கோப்பு எந்த ஆண்டில் தயாரித்தது?” என்று கேட்டேன்.

“2004.”

பதினேழு வயதுப் பையனுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. 1996 மே மாதம், வரட்சியினால் மின்சாரத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னகர்த்தியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்வாங்கி, கிறீன்விச் நேரத்துக்கு ஆறு மணித்தியாலம் முன்னால் நின்றது. 2006 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, மீண்டும் பழைய ஐந்தரைக்கே திரும்பியது. கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் அந்தத் திரும்பலை ஆட்சேபித்தார், பலனில்லை. ஆகவே கோப்பும் சரி, கணினியும் சரி. கூட்டவேண்டியது ஆறு. புறப்பாடு ஒவ்வொன்றையும் அரை மணித்தியாலம் தள்ளிப் போட்டுக் கோப்பை மீண்டும் தொகுத்ததும் விமானங்கள் நேரத்துக்குக் கிளம்பின.

அவனுக்கு அத்துடன் விஷயம் முடிந்தது. எனக்கு முடியவில்லை.

அந்தப் பத்தாண்டில் இந்தச் சிறிய தீவில் இரண்டு நேரங்கள் இருந்தன. விடுதலைப் புலிகள் 1996இன் மாற்றத்தை ஏற்கவில்லை. வன்னியில் பழைய நேரமே ஓடியது. 2002இல் ஏ-9 பாதை திறந்த பின், வெள்ளவத்தையில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனவர்கள் ஓமந்தையைத் தாண்டும்போது அரை மணித்தியாலம் பின்னால் போய், முகமாலையைத் தாண்டும்போது திரும்பவும் முன்னால் வந்தார்கள். பயணிகளுக்கு அது அடையாள அட்டையை எடுத்துக் காட்டுவது போன்ற இன்னொரு பழக்கம். பத்திரிகைக் காரியாலயத்திலோ, கிளிநொச்சியில் பத்து மணிக்கு ஒன்று நடந்ததென்று தகவல் வந்தால், “எந்தப் பத்து மணி?” என்று கேட்டுவிட்டுத்தான் எழுதவேண்டியிருந்தது. கொழும்பின் பத்தரை அங்கே பத்து.

எல்லோரும் எப்போதும் கேட்டிருப்பார்கள் என்று சொல்ல என்னால் முடியாது. அச்சில் வந்த செய்திகளிலும் எத்தனையோ குடும்பங்கள் எழுதிக்கொடுத்த வாக்குமூலங்களிலும் ஒரு நேரம் மட்டும் இருக்கும். எந்தக் கடிகாரம் என்பது இருக்காது. குண்டு விழுந்ததும் பிள்ளையைக் கடைசியாகக் கண்டதும் அந்த நேரத்தில்தான் பதிவாகியிருக்கின்றன. விமான அட்டவணையில் ஏற்பட்ட பிழையை ஓடுபாதையில் கண்ணால் காணலாம். இந்தப் பிழை அப்படிக் கண்ணுக்குத் தெரியாது. அந்த ஆண்டுகளின் கதையை இனி எழுதப்போகிறவர்கள் தேதியோடு நின்றுவிடாமல், கடிகாரம் யாருடையது என்றும் கேட்கவேண்டும். அதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.