ஸ்டீரிங்குக்குக் கீழே ஒரு சொருகி

இன்றைய காரில் பெட்ரோலை எவ்வளவு பீய்ச்சுவது, ஸ்பார்க் பிளக்கில் பொறியை எப்போது விடுவது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் த்ராட்டிலை எவ்வளவு திறப்பது எல்லாவற்றையும் முடிவு செய்வது எஞ்சின் கம்ப்யூட்டர். அதன் நினைவகத்தில் இவற்றுக்கான எண்கள் அட்டவணைகளாக இருக்கின்றன. ஒரு பக்கம் எஞ்சின் சுற்றும் வேகம், மறுபக்கம் எஞ்சின் மேல் ஏறும் சுமை, இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண். இப்படி நூற்றுக்கணக்கான அட்டவணைகள். கையடக்க ட்யூனர் அந்த எண்களை அழித்து வேறு எண்களை எழுதுகிற கருவி. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, சின்னத் திரை, நாலைந்து பொத்தான்கள், ஒரு கேபிள். அமெரிக்காவில் எஸ்.சி.டி., டயப்லோஸ்போர்ட், காப் என்று பல பெயர்களில் சில நூறு டாலருக்குக் கிடைக்கிறது.

பெட்டியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அதற்குள் போகும் எண்களை, அதாவது ட்யூனை, தயாரிப்பவர்கள் தனி ஆட்கள். டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரத்தை ஒட்டி அப்படி ஒரு பட்டறை. மேலே சுருட்டும் இரும்புக் கதவு, வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கத் தரைக்குள் பாதி புதைந்த இரண்டு பெரிய உருளைகள், முன்னால் ஆளுயர மின்விசிறி. மூலையில் ஒரு மேஜை, மேலே இரண்டு கணினித் திரைகள். வேலை செய்பவர்கள் மூன்று பேர். ஒருவர் வண்டியை உருளை மேல் ஏற்றிப் பட்டையால் இழுத்துக் கட்டுகிறார். ஒருவர் மெக்கானிக். மூன்றாமவர் பெரும்பாலும் மேஜையை விட்டு எழுவதில்லை. மற்ற இருவர் கைகளிலும் கறுப்பு ஏறியிருக்க, இவர் நகத்தில் மட்டும் கிரீஸ் இல்லை. எண்களைத் திருத்துபவர் இவர்தான்.

இந்தத் தொழிலில் மூத்தவர்கள் சிப் காலத்தில் தொடங்கியவர்கள். 1980களில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் அட்டவணைகள் ஒரு தனி சிப்பில் இருந்தன. அதைக் கழற்றி, புற ஊதா விளக்கின் அடியில் வைத்து அழித்து, புதிதாக எழுதி மறுபடி மாட்ட வேண்டும். ஃபோர்டு கம்ப்யூட்டரில் பின்பக்கம் ஒரு செருகுவாய் உண்டு. அதில் வேறு சிப்பைச் செருகினால் வண்டி அதன்படி ஓடும். ஆனால் அந்தச் செம்புப் பட்டைகளின் மேல் ஈரம் படாமல் இருக்க ஒரு பூச்சு பூசியிருப்பார்கள். அதைச் சுரண்டிச் சுத்தமாகத் துடைக்காவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, அப்படியே ஆனாலும் முக்கி முக்கித்தான் ஓடும். அந்த நாளில் அரை நாள் வேலை சுரண்டலிலேயே போகும் என்று பழைய கை ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

1996 முதல் அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு காரிலும் ஓ.பி.டி.-2 என்ற பொது ஏற்பாடு கட்டாயமானது. ஓட்டுபவரின் முழங்காலுக்கு மேலே, டேஷ்போர்டின் அடியில் இருக்கும் பதினாறு முனைச் சொருகி அதன் வாசல். வண்டி விடும் புகை அளவுக்குள் இருக்கிறதா என்று சோதிக்க வைத்த வாசல் அது. புகையைக் கூட்டும் வேலையும் அதே வாசல் வழியாகத்தான் நடக்கிறது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அன்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

உருளை மேல் நிற்பது 2012ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி., ஐந்து லிட்டர் வி-8, மேனுவல் கியர். கருவியைச் சொருகியதும் திரை ஒளிர்கிறது. சொருகியின் 16ஆம் முனையில் கார் பேட்டரியின் மின்சாரமே வருவதால் கருவிக்குத் தனி பேட்டரி தேவையில்லை. சாவியை 'ஆன்' வரை திருப்பவேண்டும், எஞ்சினை எழுப்பக்கூடாது. கருவி முதலில் வண்டியின் அடையாள எண்ணைப் படிக்கிறது. பிறகு கம்ப்யூட்டரிடம் உள்ளே வர அனுமதி கேட்கிறது. கம்ப்யூட்டர் ஓர் எண்ணைக் கொடுக்கும். அதைக் குறிப்பிட்ட கணக்கில் மாற்றித் திருப்பித் தந்தால்தான் பூட்டு திறக்கும். திறந்ததும் கம்பெனி எழுதியதை அப்படியே எடுத்துத் தனக்குள் பத்திரப்படுத்திக்கொள்கிறது. அந்த நொடியிலிருந்து கருவி அந்த ஒரு காருக்குக் கட்டுப்பட்டது. பழைய எண்களைத் திரும்ப எழுதும்வரை அது வேறு காரில் எழுதாது.

எழுதும் சில நிமிடங்களில்தான் பட்டறை சற்று அமைதியாகிறது. முன்னேற்பாடுகள் அதற்கு முன்பே முடிந்துவிட்டன. பேட்டரியில் சார்ஜர் மாட்டியாயிற்று, ரேடியோவும் ஏசி விசிறியும் நின்றாயிற்று, வெளியில் வாங்கிப் பொருத்திய அலாரத்தின் ஃப்யூஸைப் பிடுங்கியாயிற்று. கதவைத் திறக்கக்கூடாது, திறந்தால் உள்விளக்கு எரியும், காரிலுள்ள மற்ற கம்ப்யூட்டர் பெட்டிகளும் விழித்துக்கொண்டு மின்சாரம் இழுக்கும். பாதியில் மின்னழுத்தம் இறங்கினாலோ கேபிள் அசைந்து விட்டுப்போனாலோ கம்ப்யூட்டரில் பழையதும் இராது, புதியதும் இராது. பல நேரம் மறுபடி எழுதிக் காப்பாற்றிவிடலாம். முடியாவிட்டால் கம்ப்யூட்டரையே கழற்றி மேஜை மேல் வைத்து உயிர்ப்பிக்க வேண்டும். கேபிளை மடியில் போட்டுக்கொண்டு செல்போன் பேசுகிற வாடிக்கையாளரை மெக்கானிக் முறைப்பது இதனால்தான்.

அப்படி என்ன மாற்றுகிறார்கள்? முதலாவது டைமிங். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சில டிகிரிகள் முன்பே பொறி விட வேண்டும். காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை முழுதாக எரிந்து அழுத்தம் ஏற நேரம் பிடிப்பதால் இந்த முன்னேற்பாடு. ஓர் அளவு வரை பொறியை முன்னே தள்ளத் தள்ள இழுவை கூடும். அதைத் தாண்டினால் தீ நாக்கு வந்து சேருமுன்பே மூலையில் மிஞ்சிய கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாக வெடிக்கும். இதைத்தான் நம்மூர் மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்கிறார்கள். தொடர்ந்து அடித்தால் பிஸ்டனின் ஓரம் உடையும். ஆக்டேன் அதிகமுள்ள பெட்ரோல் இதைத் தாங்கும் என்பதால் டைமிங்கை இன்னும் சில டிகிரி முன்னே வைக்கலாம். கம்பெனிக்காரர்கள் எல்லையை ஒட்டி வைப்பதில்லை. யாராவது மட்டமான பெட்ரோலைப் போட்டுக்கொண்டு, அரிசோனா வெயிலில் மலை ஏறுவார்கள் என்று ஓர் இடைவெளி விடுகிறார்கள். ட்யூன் விற்பவர் விற்பது பெரும்பாலும் அந்த இடைவெளியைத்தான். இதே மஸ்டாங்குக்கு ஃபோர்டே உயர்ரக பெட்ரோலில் 412 குதிரைத்திறன், சாதா பெட்ரோலில் 402 என்று இரண்டு கணக்கு சொன்னது. சாதா பெட்ரோல் போட்டால், நாக்கிங் சென்சார் சொல்வதைக் கேட்டு கம்ப்யூட்டரே டைமிங்கைப் பின்னே இழுத்துக்கொள்கிறது.

கருவிக்குள் 87, 91, 93 என்று பெட்ரோலின் ஆக்டேன் எண் வாரியாகத் தனித்தனி ட்யூன் இருக்கும். டெக்சாஸ் பெட்ரோல் பங்க்குகளில் 93 கிடைக்கும். கலிபோர்னியாவில் பொதுவாக 91தான் மேல்வரம்பு. அமெரிக்காவில் எழுதியிருக்கும் எண் இரண்டு சோதனைகளின் சராசரி. இந்தியாவில் எழுதுவது அவற்றுள் ஒன்றை மட்டும், அதுவும் கூடுதலாக வருவதை. ஆகவே இங்கே 95 என்று விற்கும் பெட்ரோல் அமெரிக்கக் கணக்கில் ஏறத்தாழ 90, 91. எண் அருகே இருக்கிறதே என்று அமெரிக்க 93 ட்யூனை நம் 95இல் ஓட்டினால் அடி பிஸ்டனுக்குத்தான்.

இதுவரை சொன்னது பெட்டியோடு வரும் ட்யூன். பட்டறையின் கைவேலை தெரிவது வண்டியில் வேறு உதிரிகள் ஏறியிருக்கும்போது. இந்த மஸ்டாங்கில் உரிமையாளர் பெரிய குழாய் உள்ள ஏர் ஃபில்டர் மாட்டியிருக்கிறார். உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார் குழாயின் நடுவில் நிற்கும் ஒரு சூடான கம்பி. கடந்துபோகும் காற்று அதைக் குளிர்விக்கும். எவ்வளவு குளிர்கிறதோ அதிலிருந்து காற்றின் எடை கணக்கிடப்படும். குழாய் அகலமானால் அதே எடைக் காற்று மெதுவாகப் போகும், கம்பி குறைவாகக் குளிரும், கம்ப்யூட்டர் காற்று குறைவு என்று நினைத்துக்கொள்ளும். பெட்ரோலும் அதற்கேற்பக் குறையும். சாதாரண ஓட்டத்தில் புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டு பெட்ரோலைக் கூட்டிச் சமாளிக்கும். ஆனால் இன்னொரு கோளாறு ஓசையில்லாமல் நடக்கிறது. காற்று குறைவென்றால் சுமையும் குறைவு என்பது கம்ப்யூட்டரின் கணக்கு. சுமை குறைந்த கட்டங்களில் டைமிங் அதிகம் முன்னே இருக்கும். எஞ்சின் முழுச் சுமையில் இழுத்துக்கொண்டிருக்க, கம்ப்யூட்டர் லேசான சுமைக்கான டைமிங்கை எடுத்துக் கொடுக்கிறது. வெறும் ஏர் ஃபில்டர்தானே என்று மாட்டிய வண்டி நாக்கிங்கில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

மேஜைக்காரர் திரையில் ஓடும் பதிவைப் பார்க்கிறார். கருவியே இதையும் பதிந்து தருகிறது: ஒவ்வொரு வரியிலும் எஞ்சின் வேகம், காற்றளவு, டைமிங், பெட்ரோல் திருத்தம், நாக்கிங் சென்சாரின் பதில். அவர் கண் முதலில் போவது இவை எதற்கும் அல்ல, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலைக்கு. போக்குவரத்தில் நின்று வெந்துபோன எஞ்சினில் எடுத்த பதிவென்றால் மேற்கொண்டு படிக்காமல் தள்ளிவிடுகிறார். வெப்பநிலை சரியென்றால் பெட்ரோல் திருத்தப் பத்தி. ஓர் இடத்தில் கூட்டல் எட்டு சதவீதம் என்று வரிசையாக நிற்கிறது. சென்சாரின் அட்டவணையில் அந்த இடத்துக்கு நேரான காற்றளவை எட்டு சதவீதம் ஏற்றி, பக்கத்துக் கட்டங்களையும் கோடு ஒடியாமல் இழைக்கிறார். பிறகு மறுபடி எழுதுதல், மறுபடி ஓட்டம், மறுபடி பதிவு.

ஓட்டம் என்பது உருளை மேல்தான். கியர் விகிதம் ஒன்றுக்கு ஒன்று வரும் கியரில் ஓட்ட வேண்டும். இந்த வண்டியில் அது ஐந்தாவது. 2,500 சுற்றிலிருந்து மிதியை முழுக்க அழுத்தி, எல்லையான 7,000 சுற்றுக்குக் கொஞ்சம் முன்பு விடுகிறார்கள். காது அடைக்கும் சத்தம், பட்டைகள் விறைத்து நிற்கின்றன, சில வினாடிகளில் முடிந்துவிடுகிறது. புகைக்குழாயில் செருகிய சென்சார், காற்றுக்கும் பெட்ரோலுக்குமான விகிதத்தைக் காட்டும். சுத்தமான பெட்ரோல் மிச்சமின்றி எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். முழு இழுவையில் சூட்டைத் தணிக்கப் பெட்ரோலைக் கூட்டி 12.5ஐ ஒட்டி வைக்கிறார்கள். கம்பெனி சொன்ன 412 எஞ்சினில் அளந்தது. சக்கரத்தில் 360ஐ ஒட்டித்தான் வரும். டர்போ இல்லாத இத்தகைய எஞ்சினில் ட்யூன் சேர்ப்பது அதற்குமேல் கொஞ்சம்தான். டர்போ வண்டியில் காற்றழுத்தத்தையே கூட்டலாம் என்பதால் ஏற்றம் பெரிது, ஆபத்தும் பெரிது.

இப்போது பாதி வேலை வண்டியைக் காணாமலே நடக்கிறது. எங்கோ வேறு மாநிலத்தில் இருப்பவர் கருவியை வாங்கித் தன் வண்டியில் பதிவெடுத்து மின்னஞ்சலில் அனுப்புவார். இவர் திருத்திய ட்யூனைத் திருப்பி அனுப்புவார். வாடிக்கையாளர்கள் பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் ஓட்டிப் பார்ப்பதால் பதிவுகள் வந்து குவிவது இரவில். நேரில் கேட்கும் எஞ்சின் சத்தம் இதில் இல்லை, எண்கள் மட்டும். நாக்கிங் உண்மையா, அல்லது தளர்ந்த போல்ட்டின் அதிர்வைச் சென்சார் தவறாகக் கேட்டதா என்று பதிவை மட்டும் வைத்துச் சொல்லத் தெரிந்தவர்களே இதில் நிலைக்கிறார்கள்.

சட்டம் இந்தத் தொழிலை நன்றாகவே நெருக்கியிருக்கிறது. புகைக் கட்டுப்பாட்டு ஏற்பாடுகளைச் செயலிழக்கச் செய்வதும், அதற்கான கருவியை விற்பதும் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டப்படி தடைசெய்யப்பட்டவை. ஆனாலும் டீசல் பிக்கப் வண்டிகளின் வடிகட்டிகளை அகற்றி, அகற்றியது தெரியாமல் கம்ப்யூட்டரிலும் மறைக்கும் பழக்கம் பரவியது. ஏறத்தாழ பத்தாண்டுகளில் 5,50,000க்கு மேற்பட்ட வண்டிகள் இப்படி மாற்றப்பட்டன என்று 2020இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டது. எஸ்.சி.டி., புல்லி டாக் பெயர்களில் கருவி விற்ற டெரைவ் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் மீது 2018இல் வழக்கு. 3,00,000 டாலர் அபராதமும், தன் பொருள்களைச் சட்டத்துக்குள் கொண்டுவர 62.5 லட்சம் டாலர் செலவும் என்று முடிந்தது. கலிபோர்னியாவில் மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் உள்ள ட்யூனுக்கு மட்டுமே சாலையில் இடம். 2021 ஜூலை முதல் அங்கே புகைச் சோதனையில் கம்ப்யூட்டரின் மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். இந்த ஹூஸ்டன் பட்டறையிலும் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்டரைக் கழற்றிய வண்டியோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். நஷ்டம்தான், ஆனால் சரியான முடிவு.

வாரண்டி விஷயத்தில் பலர் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். சர்வீசுக்கு விடும் முன் பழைய எண்களைத் திரும்ப எழுதிவிட்டால் தெரியாது என்று நினைக்கிறார்கள். ஆனால் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கைப் பல கம்ப்யூட்டர்கள் வைத்திருக்கின்றன. ஃபோக்ஸ்வாகன், ஆடி வண்டிகளில் மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டால் கம்பெனியின் கோப்பில் ஒரு குறியீடு ஏறிவிடும். பிறகு எஞ்சின் கெட்டால் வாதாட வேண்டியது உரிமையாளர்.

பழைய கருவி வாங்குகிறவர்கள், முந்தைய காரிலிருந்து அது விடுவிக்கப்பட்டிருக்கிறதா என்று திரையில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். பழைய கார் வாங்குகிறவர்கள், ட்யூன் ஏறிய வண்டியென்றால் கருவியையும் கேட்டு வாங்குங்கள். கம்பெனி எழுதிய எண்கள் அதற்குள் இருக்கின்றன.