படம் ஓடினால் போதுமா?

புரொஜெக்டர் வந்துவிட்டால் வகுப்பு நவீனமாகிவிட்டது என்று நினைக்கிறோம். விளக்கை அணைக்கிறார்கள், படம் ஓடுகிறது, நாமும் நோட்டில் எழுதிக்கொள்கிறோம். நடுவில் 'ஏன் சார்?' என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

1963-ல் பிரேசில் நாட்டில் ஆஞ்சிகோஸ் என்ற சிற்றூரில், பாவ்லோ ஃப்ரெய்ரே என்ற கல்வியாளரின் குழுவினர் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் முறையிலும் சுவரில் படம் காட்டும் கருவி உண்டு. ஆனால் படம் ஓடாது, நிற்கும். 'இதில் என்ன தெரிகிறது? ஏன் அப்படி?' என்று முதலில் பேச்சு, எழுத்து அப்புறம்தான். அந்நாட்டில் எழுத்தறியாதவர்களுக்கு அன்று ஓட்டுரிமையே கிடையாது. 1964-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஃப்ரெய்ரே சிறைக்குப் போனார். பிறகு நாட்டை விட்டே போக நேர்ந்தது. பாமரன் கேள்வி கேட்டால் யாருக்குப் பயம் என்று புரிகிறதல்லவா?

இதைப் புத்தகத்தில் மட்டும் நான் பார்க்கவில்லை. என் அம்மா செங்கல் சூளையில் வேலை செய்கிறார். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். 2022-ல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் அம்மாவும் சேர்ந்தார். பாடம் நடத்தும் அக்கா செல்போனில் வீடியோ போடுவார். அது சொன்னதை எல்லோரும் கோரஸாகச் சொல்லிவிட்டு வீடு திரும்புவார்கள். ஒருநாள் 'செங்கல்' என்ற சொல் வந்ததும் அக்கா வீடியோவை நிறுத்திவிட்டு, "ஆயிரம் கல்லுக்கு இவ்வளவுன்னு கூலி வாங்குறீங்களே, கல்லை எண்ணுறது யாரு?" என்று கேட்டார். அரை மணி நேரம் ஒரே சத்தம்! "உடைசல்னு கழிக்கிறாங்களே, அதை நாம பாத்தோமா?" என்றாராம் அம்மா. அன்றிலிருந்து தன் கணக்கைத் தானே எழுதுகிறார். கூலி நாளில் அந்த நோட்டோடுதான் போகிறார். இப்போது உடைசலை அவர் முன்னால் எண்ணிக் காட்டித்தான் கழிக்கிறார்கள்.

அதே செல்போன், அதே வீடியோ. நிறுத்திக் கேட்டதுதான் வித்தியாசம். வயது வந்தவர்களிடம் அனுபவம் கொட்டிக்கிடக்கிறது. அதைத் தட்டி எழுப்ப ஒரு கேள்வி வேண்டும். கருவி காட்டும், கேட்காது. கேட்பது மனுசன் வேலை.

நாளை சைட்டிலும் ஒர்க்‌ஷாப்பிலும் சூப்பர்வைசராக நிற்கப்போகிறவர்கள் நாம். நோட்டோடு ஓர் அம்மா நம் முன்னால் வந்து நின்றால், எண்ணிக் காட்டும் மனசு நமக்கு வேண்டும். கேள்வி கேட்டுப் பழகியவனுக்குத்தான் பிறர் கேள்வி கசக்காது. அதற்கு இன்றே நம் வகுப்பில் ஒரு கையாவது உயரட்டும், தோழர்களே!