குடத்தில் விழாத ஓலை

மூடுபனி பள்ளிக்கூடச் சன்னலைத் தாண்டி உள்ளே நுழைந்து, கரும்பலகையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த காலை நேரம். பலகையில் நாம் எழுதியிருந்த சொல், மக்களாட்சி. பாடம், ஏதென்ஸ். ஊர், பெர்ன்ஹில். மைசூர் மன்னர்கள் கோடையைக் கழிப்பதற்கென வைத்திருந்த மாளிகை இங்கேதான் இருக்கிறது. முடியும் போயிற்று, முடி தரித்தோர் ஆட்சியும் போயிற்று. அந்த மாளிகை நிற்கும் ஊரில், உழைப்பவர் வீட்டுப் பிள்ளைகள் முன் நின்று, "இனி இந்நாட்டு மன்னர் நீங்களே" என்று சொல்லும் பேறு நமக்கு வாய்த்திருக்கிறது. பட்டம் பெற்று வந்து இரண்டே ஆண்டுகளான ஓர் ஆசிரியருக்கு இதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்!

பெருமைதான். அந்தப் பெருமையை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரே கேள்வியால் உதிர்த்துவிட்டாள். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தோம்.

வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்மிடம் இருந்தது. நாமே ஒருவரை அமர்த்திவிட்டால் அது முடியாட்சி. ஆகவே தேர்தல் என்றோம். தேர்தலென்றால் விதி வேண்டாமா? விதித்தோம். தேர்வில் நூற்றுக்கு அறுபது பெற்றவரே போட்டியிடலாம். பத்து நாட்களுக்கு மேல் பள்ளிக்கு வராதிருந்தவர் போட்டியிடலாகாது. தகுதியுடையோர் தலைமை ஏற்கட்டும் என்ற நல்ல எண்ணந்தான். கல்லூரியில் படித்த பிளேட்டோ நமது காதில் ஓதிக்கொண்டிருந்தார். கப்பலின் சுக்கானைக் கடலறிந்தவனிடம் கொடுப்பதா, கூச்சலிடும் கூட்டத்திடம் கொடுப்பதா என்று கேட்டவரல்லவா அவர்!

விதியை அறிவித்த கையோடு பாடத்தைத் தொடங்கினோம். கி.மு. 508ஆம் ஆண்டளவில் கிளிஸ்தனிஸ் என்பார் ஏதென்சு மக்களைப் பத்துப் பிரிவுகளாகப் பிரித்ததைச் சொன்னோம். பிரிவுக்கு ஐம்பதின்மராக ஐந்நூற்றுவர் மன்றம் அமைந்ததையும், அந்த ஐந்நூற்றுவரும் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டதையும் சொன்னோம். கல்லில் வரிசை வரிசையாகப் பிளவுகள் வெட்டி, அவற்றில் பெயர்ப் பட்டைகளைச் செருகி, கறுப்பும் வெள்ளையுமான குண்டுகளை உருளவிட்டு நடுவர்களைப் பொறுக்கிய கருவியைப் பலகையில் வரைந்தே காட்டினோம். ஒரு நாள் கூலியை இழந்து ஏழை எப்படி அறமன்றத்தில் அமர்வான் என்று எண்ணி, பெரிக்ளிஸ் நடுவர்களுக்கு ஊதியம் வகுத்ததைச் சொன்னபோது நமக்கே குரல் தழுதழுத்தது. செருப்புத் தைப்பவனும் சீமானும் ஒரே குன்றில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து, போரா அமைதியா என்று முடிவு செய்த காட்சியை எண்ணிப் பாருங்கள்!

கடைசி வரிசையிலிருந்து அந்தப் பெண் எழுந்தாள்.

"சார், அந்த ஊர்ல எல்லாருமே அந்தக் கூட்டத்துக்கு வரலாமா?"

"வயது வந்த ஆண்கள் வரலாம்" என்றோம்.

"பொம்பளைங்க?"

"இல்லை."

"வேலைக்காரங்க?"

"அடிமைகள் இருந்தார்கள். அவர்களுக்கு இல்லை. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் இல்லை."

சற்று நேரம் யோசித்தாள். "அப்போ அதுவும் நம்ம வகுப்பு மாதிரிதானா, சார்?"

வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. வருகைப் பதிவேட்டைப் புரட்டினோம். அவள் பெயருக்கு நேரே முப்பத்தோரு நாட்கள் வெறுமையாகக் கிடந்தன. அந்த முப்பத்தொன்றையும் நாமே நம் கையால் குறித்திருந்தோம். ஏன் வரவில்லையென்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்று மாலை அவள் வீட்டுக்குச் சென்றோம். தகரக் கூரை, ஒற்றை அறை, அடுப்பருகே ஒரு பாட்டி. தாய் கேரட் அறுவடைக் கூலி. மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் லாரி காலையிலேயே புறப்பட வேண்டுமாதலால், ஊர் உறங்கும் மூன்று மணிக்கே பனியில் நின்று கேரட் பிடுங்கவேண்டும். தாய் போன நாட்களில், காய்ச்சலென்று படுத்துவிட்ட தம்பியையும் கண் மங்கிய பாட்டியையும் பார்ப்பவள் இவள். முப்பத்தொரு நாட்களின் விளக்கம் அந்த ஒற்றை அறைக்குள் இருந்தது.

பாட்டிதான் பேசினார். "நான் பொறந்தது கண்டிச் சீமையில, தம்பி. தோட்டத்து லயத்துல. எங்க அப்பாரு ஒரு தரம் ஓட்டுப் போட்டாரு. அடுத்த தரம் போனா, ஒனக்கு ஓட்டு இல்லேன்னுட்டாங்க. கள்ளத்தோணின்னாங்க. இங்க வந்தா சிலோன்காரின்னாங்க. மொத மொத ஓட்டுப் போட்ட அன்னிக்கு மை வச்ச விரலை ரெண்டு நாள் தண்ணில படாம வச்சிருந்தேன்."

பாட்டி பிறந்த ஆண்டு 1948. அந்த ஆண்டில்தான் இலங்கையின் குடியுரிமைச் சட்டமும் பிறந்தது. 1931லேயே வயது வந்த ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கண்ட நாடு இலங்கை. அந்த வகையில் ஆசியாவுக்கே வழிகாட்டி என்று போற்றப்பட்ட நாடு. ஆயினும் விடுதலை பெற்ற அதே ஆண்டில், பிறந்த மண்ணிலேயே பிறப்பை மெய்ப்பிக்கச் சொன்னது. தந்தை அங்கே பிறந்ததைக் காட்டு, அல்லது பாட்டனும் அவன் தந்தையும் அங்கே பிறந்ததைக் காட்டு என்றது சட்டம். காட்டை அழித்துத் தேயிலை நட்டவனிடம் சான்றிதழ் ஏது? அவன் நட்ட செடிதான் சான்று, அது சபையேறாது. 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தம், குடியுரிமை இல்லாதவனுக்கு வாக்கும் இல்லையென்றது. தந்தை செல்வா அந்தக் கொடுமையை எதிர்த்து, இருந்த கட்சியைவிட்டு விலகித் தமிழரசுக் கட்சி கண்டதும் அந்த 1949லேதான்.

பிறகு 1964 அக்டோபர் 30. சாஸ்திரியும் சிறிமாவோவும் உடன்படிக்கை செய்தனர். 9,75,000 மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்! பங்காளிகள் பாத்திரம் பண்டம் பிரித்துக்கொள்வது போல மக்களைப் பிரித்தனர். எங்கே போக விருப்பமென்று கூட்டிவைத்து ஒரு மன்றம் அவர்களைக் கேட்டதுண்டா? தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, முன்பின் கண்டறியாத தாயகத்துக்கு வந்தவர்களில் பாட்டியும் ஒருவர். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968 முதல் தமிழ்நாடு அரசு இந்த நீலமலைச் சரிவுகளில் தேயிலை பயிரிட்டது. இழந்த வாக்கை இந்த மண் திரும்பக் கொடுத்தது. அங்கேயே தங்கியவர்களில் நாடற்றவராய் எஞ்சியோர்க்கு இலங்கை முழுக் கதவையும் திறக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஏதென்சு வேறு முகம் காட்டிற்று. ஊதியம் வகுத்த அதே பெரிக்ளிஸ்தான் கி.மு. 451இல் மற்றொரு சட்டமும் வகுத்தார். தாயும் தந்தையும் இருவருமே ஏதென்சுக்காரராய் இருந்தாலன்றி பிள்ளை குடிமகனல்லன்! கண்டிச் சீமைக்கு இருபத்து நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே போட்ட கதவு. அந்தக் கதவு யார் முகத்தில் அறைந்தது தெரியுமா? பெரிக்ளிசின் காதல் துணைவி அஸ்பேசியா மிலெட்டஸ் நகரத்தவர். அவர் பெற்ற மகன் அந்நியனானான். கொள்ளைநோயில் மற்ற இரு மைந்தரையும் பறிகொடுத்த பிறகு, தான் வகுத்த சட்டத்திலிருந்து தன் மகனுக்கு விலக்குத் தருமாறு பெரிக்ளிஸ் மன்றத்தின் முன் வேண்டி நின்றார். மன்றம் இரங்கிற்று. தலைவர் வீட்டுக் கண்ணீருக்கு விலக்குக் கிடைத்தது. தெருவோரத்துக் கண்ணீருக்கு?

அரிஸ்டாட்டில் எழுதினார், ஆள்வதிலும் தீர்ப்பு வழங்குவதிலும் பங்குடையவனே குடிமகன் என்று. எழுதியவர் ஸ்டாகிரா ஊரார். ஏதென்சில் குடியேறி வாழ்ந்த அந்தப் பேரறிஞருக்கு அங்கே ஒரு வாக்கும் இல்லை!

ரோமாபுரி மேலல்லவா என்பீர்கள். ஒரு வகையில் மேல்தான். கி.மு. 494இல் கடன் சுமை தாங்காத எளிய மக்கள் நகரைவிட்டு வெளியேறிக் குன்றேறி அமர்ந்தனர். தமக்கென்று காவலரைப் பெற்றுத்தான் இறங்கினர். வென்றவரையும் தோற்றவரையும் குடிகளாக ஏற்றுக்கொண்டே ரோம் வளர்ந்தது, கி.பி. 212இல் பேரரசின் அடிமையல்லாத மக்கள் ஏறத்தாழ அனைவருக்குமே குடியுரிமை வழங்கிற்று. ஆனால் அங்கே வாக்கு எண்ணிய முறையைப் பாருங்கள். தலைக்கொரு வாக்கல்ல, அணிக்கொரு வாக்கு. பழைய ஏடுகள் தரும் கணக்கில் அணிகள் 193. குதிரைவீரரும் முதல் வகுப்புச் செல்வரும் சேர்ந்தாலே 98. உடைமையற்ற பல்லாயிரவருக்கு ஓரே ஓரணி. அதுவும் கடைசி அணி! செல்வர் ஒன்றுபட்டால், ஏழையைக் கூப்பிடும் முன்பே முடிவு முடிந்துவிடும். கி.பி. 212இல் குடியுரிமை பெற்றவர்க்கோ, வாக்களிக்க மன்றமே எஞ்சியிருக்கவில்லை. மாமன்னன் சொல்லே சட்டம். ஏதென்சில் மன்றம் இருந்தது, கதவு மூடியிருந்தது. ரோமில் கதவு திறந்தது, மன்றம் மறைந்திருந்தது!

கிரேக்கரையும் ரோமரையும் குறை சொல்லி நாம் மார்தட்டிக் கொள்ளலாமா? நமக்குத்தான் உத்திரமேரூர் உண்டே! முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் கல்லில் வெட்டிய குடவோலை முறை. முப்பது குடும்பு, குடும்புதோறும் பெயரெழுதிய ஓலை, குடத்திலிட்டுக் குலுக்கி, ஒன்றுமறியாச் சிறுவன் கையால் எடுத்தல். முன் மூவாண்டு வாரியத்தில் இருந்தவன் மீண்டும் வரலாகாது. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் வரலாகாது. எத்தனை நுட்பம்! படிக்கும்போதே நெஞ்சு நிமிர்கிறது.

நிமிர்ந்த நெஞ்சோடு அடுத்த வரியையும் படிக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். அது பிரமதேயச் சபை. உழுதவன் பெயர் எந்த ஓலையிலும் இல்லை. நாற்று நட்டவள் பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை. குடத்துக்குள் விழுந்த ஓலைகளை ஓரவஞ்சனையின்றிக் குலுக்கினார்கள், உண்மை. குடத்தருகே வரவே முடியாத ஓலைகள் எத்தனை என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை.

நமது வகுப்பின் விதியும் இதுதானே? அறுபது மதிப்பெண் என்று எழுதினோம். விளக்கும் ஓய்வும் உள்ள வீடு என்று அதற்குப் பொருள். பத்து நாள் என்று எழுதினோம். மூன்று மணிக்குத் தாய் எழுந்து போகாத வீடு என்று அதற்குப் பொருள். தகுதியென்று நாம் அளந்தது, பெரும்பாலும் முன்னமே கிடைத்திருந்த வசதியைத்தான்.

அறியாதார் கையில் ஆட்சி போனால் சாக்ரடீசுக்கு நேர்ந்ததுதான் நேரும் என்று அஞ்சுவோர் உண்டு. பிளேட்டோவின் அச்சம் அது, பொய்யச்சமன்று. ஆனால் கி.மு. 399இல் அந்த மேதைக்கு நஞ்சு தந்தவர் யார்? அடிமைகளா? பெண்களா? குடியேறிய வெளியூராரா? அவர்கள்தாம் அறமன்ற வாயிலையே மிதிக்கவில்லையே! பிறப்பும் உரிமையும் நிறைந்த குடிமக்களல்லவா தந்தனர்! அறியாமைக்கு மருந்து பள்ளிக்கூடம், வாயிற்கதவன்று.

எழுத்தறியாதார் நிறைந்த நம் நாடு, 1951-52இல் எழுதப்படிக்கத் தெரியுமா என்று கேளாமல், நிலமுண்டா என்று கேளாமல், வயது வந்தோர் அனைவருக்கும் வாக்களித்தது. பாரோர் பலர் வியந்தனர், சிலர் நகைத்தனர். அப்போதும்கூட, தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டுமே சொன்னதால் ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கிற்று. சட்டம் கதவைத் திறந்த பின்னும் வழக்கம் வாயிலில் நின்றது. ஆகவே கதவைத் திறந்தாயிற்று என்று சட்டம் சொன்னால் போதாது. யார் இன்னும் வெளியே நிற்கிறார் என்று எட்டிப் பார்க்கும் பழக்கமும் வேண்டும்.

மறுநாள் வகுப்பில் விதியை அழித்தோம். "நாம் செய்தது தவறு" என்று பிள்ளைகளிடம் சொன்னோம். சொல்வது எளிதாயில்லை, ஆயினும் சொன்னோம். யார் வேண்டுமானாலும் போட்டியிடலாம் என்றோம். அந்தப் பெண்ணும் போட்டியிட்டாள். இரகசிய வாக்கு; சீட்டுகளைப் பிள்ளைகளே எண்ணினர்.

அவள் தோற்றாள். மூன்று வாக்கு வேற்றுமை.

வருத்தமா என்று கேட்டோம். "இல்ல சார். பாட்டிகிட்ட சொல்லணும், நானும் நின்னேன்னு" என்றாள்.

தோற்பதற்கும் ஓர் உரிமை வேண்டும், தோழர்களே. களத்தில் நிற்க விடப்பட்டவரே தோற்க முடியும். அந்த உரிமையைப் பெறாமலே போன தலைமுறையின் பேத்தி அவள். வகுப்பு நாள்தோறும் தொடங்கும்போது நாம் இப்போது பதிவேட்டில் வந்தவரை மட்டும் எண்ணுவதில்லை. வராதவர் ஏன் வரவில்லை என்றும் கேட்கிறோம். மக்களாட்சியின் முதற்பாடம் அந்தக் கேள்விதான் என்று நமக்குச் சொல்லித் தந்தது ஏதென்சு அன்று. பெர்ன்ஹில்லின் கடைசி வரிசை.