ஊன்றுகோல்

2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. மறுநாள் காலையில் எங்கள் தெருமுனை இயல்வாகை வேரோடு சாய்ந்து கிடந்தது. அதன் அடிவரை சிமெண்டு பூசப்பட்டிருந்தது. எப்போதோ பள்ளம் தோண்டியபோது ஒருபக்க வேர்கள் வெட்டுண்டிருந்தன. இவற்றைக் கண்டேன், பொருளை உணரவில்லை. இழந்த நிழலை மீட்க வேண்டும் என்னும் துடிப்பே என்னுள் மேலோங்கி நின்றது.

பொங்கல் கழிந்ததும் தெருவார் ஒன்றுகூடிப் பதினைந்து கன்றுகளை நட்டோம். கத்திரி வெயில் முடிவதற்குள் பதினொன்று பட்டுப்போயின. தண்ணீர் ஊற்றவில்லை என ஒருவர்மீது ஒருவர் பழி சுமத்தினோம்.

காய்ந்த கன்று ஒன்றை எடுத்துக்கொண்டு, நாற்றுப்பண்ணையில் பல்லாண்டு பணியாற்றிய முதியவர் ஒருவரிடம் சென்றேன். அவர் மண்ணை உதிர்த்துக் காட்டினார். வேர்கள், வளர்ந்த பையின் வடிவிலேயே சுருண்டு இறுகியிருந்தன. புதிய மண்ணுக்குள் ஒரு வேர்கூட நீளவில்லை. “வேரைத் தொடாதீர்கள், அப்படியே வையுங்கள்” என்று நடும் நாளில் அனைவருக்கும் சொன்னவன் நான்தான்.

“நட்டது நீங்கள், தம்பி. வாழ வேண்டியது அது. அதற்கு என்ன வேண்டும் என்று பார்த்தீர்களா?” என்றார் அவர்.

அடுத்த ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் எங்களுள் எண்மர் அவரிடம் பயின்றோம். முதல் வாரம் மண்வெட்டியைத் தொடவே அவர் விடவில்லை. சாலையோர மரங்களில் அறைந்திருந்த ஆணிகளைப் பிடுங்கச் சொன்னார். பட்டைக்குள் புதையத் தொடங்கிய கம்பிகளை அறுக்கச் சொன்னார். பின்னரே நடவு. சுருண்ட வேர்களைப் பிரித்துவிடுதல், தண்டும் வேரும் கூடுமிடம் புதையாமல் நடுதல், தண்டைவிட்டு விலகி வட்டப்பாத்தி அமைத்தல், சருகினால் மூடாக்கு இடுதல் என ஒவ்வொன்றையும் கைப்பழக்கம் ஆக்கினார். நான் ஊன்றுகோலோடு கன்றை இறுகக் கட்டியபோது தடுத்தார். “காற்றில் சற்றே அசையட்டும். அசைந்தால்தான் தண்டு உரம் பெறும்” என்றார்.

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் கொடையைப் பள்ளியில் வியந்து படித்திருக்கிறேன். பற்றிப் படரக் கொழுகொம்பு இல்லை என்பதைக் கண்ட அவனது பார்வையை அன்றுதான் வியந்தேன்.

மீண்டும் பதினொரு கன்றுகளை நட்டோம். ஒவ்வொன்றையும் மூன்று கோடைகள் காக்க ஒருவர் பொறுப்பேற்றார். இரண்டு பட்டன, ஒன்பது நிலைத்தன. என் பொறுப்பிலிருந்த புங்கையின் ஊன்றுகோலை அகற்றிய நாளில், முதியவரும் உடனிருந்தார். மரம் சற்றே அசைந்து, தானே நிமிர்ந்து நின்றது.

அவர் அந்தக் கழியை என் கையில் கொடுத்தார். புதிதாகப் பயில வந்திருந்த மாணவர்கள் அடுத்த தெருவில் காத்திருந்தனர்.