காய்ந்ததுபோல் தோன்றும் சுவர்

தியானப் பகுதி: லேவியராகமம் 14:33–48; ஆதியாகமம் 8:13–16



2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. நம் ரிஷிவந்தியத்துக்கு வடக்கே மணலூர்பேட்டை, திருக்கோவிலூர்ப் பக்கத்து ஆற்றோரக் குடும்பங்கள் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். ஆற்றிலிருந்து விலகிய ஊர்களிலும் மழைநீர் வீடுகளுக்குள் புகுந்தது. இப்பொழுது நீர் வடிந்துவிட்டது. ஆனால் சுவரில் ஒரு கோடு நிற்கிறது.

அந்தக் கோட்டை மறைக்க நாம் எவ்வளவு அவசரப்படுகிறோம்! கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. பண்டிகைக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம். வீடுகளைச் சந்திக்கச் சென்றபோது ஒரு தாயார், “ஐயா, பிள்ளைகள் வெளியூரிலிருந்து வருவார்கள். இந்தக் கோடு தெரியாமல் இருந்தால் போதும்” என்றார்கள். அவர்கள் கையில் சுண்ணாம்பு வாளி இருந்தது. சுவரைத் தொட்டுப் பார்த்தேன், மேலே காய்ந்திருந்தது. காரையைத் தட்டியபோது உள்ளே பொள்ளலாக ஒலித்தது.

செங்கல் நீரை உறிஞ்சும். வெள்ளம் நின்ற உயரத்துக்கு மேலும் ஈரம் ஏறும். மேற்பரப்பு சில நாளில் உலர்ந்தாலும் உட்புறம் உலர வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். அதன்மேல் வண்ணம் பூசினால் ஈரம் உள்ளே அடைபடும். உப்புப் பூக்கும், பூஞ்சை படரும், காரை உதிரும். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் மூச்சிரைப்பு வரும். ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்து அதன் உட்புறம் நீர் முத்துக்கள் நின்றால் சுவர் இன்னும் ஆயத்தமாகவில்லை என்று பொருள்.

இதையெல்லாம் வேதம் அறியாததல்ல. லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தில் ஒரு வீட்டுச் சுவரில் பச்சையும் சிவப்புமான கறை காணப்படுகிறது. வீட்டுக்காரன் ஆசாரியனுக்கு அறிவிக்கிறான். பொருட்கள் வெளியே எடுக்கப்படுகின்றன. வீடு ஏழு நாள் அடைக்கப்படுகிறது. கறை பரவியிருந்தால் கெட்ட கல்லைப் பெயர்த்து, உட்சுவரைச் செதுக்கி, வேறு கல் வைத்து, வேறு சாந்து பூசவேண்டும். கறையின்மேல் பூசிவிட அங்கே அனுமதி இல்லை. வீட்டுக்காரன் என்ன பாவம் செய்தான் என்று ஆசாரியன் விசாரிப்பதாகவும் எழுதப்படவில்லை. அவன் சுவரைப் பார்க்கிறான். ஏழாம் நாளில் மறுபடியும் வந்து பார்க்கிறான்.

பிரியமானவர்களே, இந்த இரண்டாம் வருகையைச் சிந்தியுங்கள். முதல் வாரம் நாம் எல்லாரும் போனோம். அரிசியும் போர்வையும் கொடுத்தோம். குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் நிவாரணத்தை அரசு நம் மாவட்டத்துக்கும் அறிவித்தது. அதற்குப் பிறகு? அயலாரின் துக்கம் காய்ந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம். “எல்லாம் தேவசித்தம்” என்ற சொல்லை, அது உண்மையேயானாலும், ஈரச் சுவரில் சுண்ணாம்பைப்போல் விரைந்து பூசிவிடுகிறோம். நனைந்து முளைவிட்ட விதைநெல்லையும், எழுத்து கரைந்த பட்டாவையும் நினைத்து இரவில் விழித்திருப்பவரிடம் மறுபடியும் போய்க் கேட்டோமா?

நோவாவைப் பாருங்கள். 601ஆம் வருஷம் முதலாம் மாதம் முதல் தேதியில் பேழையின் மேல்தட்டை எடுத்துப் பார்த்தபோது பூமியின்மேல் நீர் இல்லை. ஆயினும் இரண்டாம் மாதம் 27ஆம் தேதியில் பூமி காய்ந்து, தேவன் சொன்ன பின்பே அவன் வெளியே வந்தான். காய்ந்ததுபோல் தோன்றியதற்கும் காய்ந்ததற்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு மாதம்! அந்தக் காத்திருப்பை வேதம் அவிசுவாசம் என்று சொல்லவில்லை.

ஆகையால் இவ்வாரம் இவற்றைச் செய்யுங்கள். மின்பணியாளர் பார்த்துச் சொல்லும்வரை மெயின் சுவிட்சைப் போடாதிருங்கள். கதவு சன்னல்களைப் பகலில் திறந்துவையுங்கள். பொள்ளலான காரையைத் தட்டி எடுத்துவிடுங்கள். ஒட்டிக்கொண்ட பத்திரங்களைப் பிரித்துக் கிழிக்காமல் நிழலில் உலர்த்துங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பருகுங்கள். வெள்ளம் புகாத வீட்டார், புகுந்த வீடு ஒன்றுக்கு இரண்டாம் முறை போங்கள், மண்வெட்டியோடு போங்கள்.

அந்தத் தாயார் வாளியை மூடி வைத்துவிட்டார்கள். இந்த ஆண்டு கீதப் பவனி முதலில் வெள்ளையடிக்காத வீடுகளுக்கே செல்லும். கோடு தெரியும் சுவரின் அருகே நின்று பாடுவோம். தொழுவத்தில் பிறந்தவர் நம் சுவரைக் கண்டு வெட்கப்படமாட்டார்.

ஜெபம்: எங்கள் உள்ளான ஈரத்தையும் அறிந்திருக்கிற ஆண்டவரே, காத்திருக்கப் பொறுமையையும், மறுபடியும் போய்ப் பார்க்கிற அன்பையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.