கொல்லிமலை இறக்கம்

சைக்கிளில் கொல்லிமலை போய்வந்தேன் என்று சொன்னால், எப்படி ஏறினீர்கள் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஏறுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காரவள்ளி அடிவாரத்தில் விடிகிற நேரத்தில் ஒரு டீ, இருப்பதிலேயே சின்ன கியர், மூச்சு முட்டினால் ஓரங்கட்டி நிற்பது, குரங்குகள் பார்க்காத நேரமாகப் பார்த்து வாழைப்பழம் உரிப்பது. மதியச் சாப்பாட்டுக்குச் சோளக்காடு போய்விடலாம். கால் பார்த்துக்கொள்ளும். இறங்குவதற்குத்தான் சாமான் சரியாக இருக்க வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் பிரேக் பிடித்தே ஆகவேண்டும்.

நானும் என் மைத்துனனும் போயிருந்தோம். இருவர் சைக்கிளிலும் பின்பக்கம் ஆளுக்கு இரண்டு பைகள். துணிமணி, ரிப்பேர் சாமான், தண்ணீர், அதற்குமேல் மலையில் அவன் வாங்கித் திணித்த மிளகும் அன்னாசியும். என் சைக்கிள் பழைய இரும்புச் சட்டம், வி-பிரேக். ரிம்மின் இரண்டு பக்கமும் ரப்பர் கட்டை வந்து கவ்வுகிற வகை. அவனுடையது புதுசு, ஹைட்ராலிக் டிஸ்க். சக்கரத்தின் நடுவே 160 மில்லிமீட்டர் எஃகுத் தட்டு, அதைப் பிடிக்க எண்ணெய் அழுத்தத்தில் நகரும் இரண்டு வில்லைகள். பைக்கில் இருப்பதுதான், அளவில் சின்னது.

நாமக்கல்லில் கிளம்பியதிலிருந்தே எங்களுக்குள் எந்தப் பிரேக் நல்லது என்ற வழக்குதான். உண்மையில் ரிம் பிரேக்கும் ஒருவகை டிஸ்க் பிரேக்தான் என்பது என் கட்சி. சக்கரமே தட்டு. தட்டு அவ்வளவு பெரிதாக இருப்பதால் லேசாக அழுத்தினாலே போதும். ரப்பரும் ஒரு கேபிளும் வேலையை முடித்துவிடும். சக்கரத்தை விளிம்புக்குப் பதில் நடுவே ஒரு சின்னத் தட்டில் பிடித்து நிறுத்த நாலு மடங்கு அழுத்தம் வேண்டும். அதற்காகத்தான் எண்ணெய், பிஸ்டன், சீல் என்று அத்தனை ஏற்பாடு. “எல்லாஞ் சரிங்க மாமா, மழை வரட்டும் பேசிக்கலாம்” என்றான்.

மழை வந்தது. ஐப்பசி மாதம், வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மலைமேல் செம்மேட்டில் தங்கிய இரவு முழுக்கத் தகரக் கூரையில் அடித்து, காலையில் தூறலாகக் குறைந்திருந்தது. கிளம்பினோம்.

மேலிருந்து வருகிறவனுக்கு வளைவு எண் எழுபதில் தொடங்கிக் குறைந்துகொண்டே வரும். முதல் வளைவுக்கு முன்பே லீவரை இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிய பிறகுதான் கட்டை கவ்வ ஆரம்பித்தது. முதல் சுற்றில் அது பிரேக் பிடிப்பதில்லை, ரிம்மின் ஈரத்தைத் துடைக்கிறது. ரிம் தரைக்குப் பக்கத்தில் ஓடுவது. டயர் வாரியடிக்கும் தண்ணீர் முழுக்க அதன்மேல்தான். டிஸ்க் தட்டு சாலையிலிருந்து தள்ளி, ஹப் ஓரமாக இருக்கிறது. ஓட்டை ஓட்டையாக இருப்பதால் தண்ணீர் தங்காது. வில்லைகளுக்கும் தட்டுக்கும் இடைவெளி மயிரிழை. அவனுக்கு லீவரைத் தொட்டவுடன் பிரேக். நானோ வளைவு கண்ணில் படும்போதே லேசாகப் பிடித்து ஈரத்தை உலர்த்திக்கொண்டு வரவேண்டியிருந்தது. அடுத்த வளைவில் செல்போனோடு காத்திருந்தான். “என்னங்க மாமா, மழைக்கு உங்க பிரேக் லீவு போட்டிருச்சுங்களா?”

சில வளைவுகள் தாண்டியதும் கரகரவென்று ஒரு சத்தம். பல் கூசுகிற சத்தம். நிறுத்தி முன்சக்கரத்தைப் பார்த்தால் ரிம்மிலிருந்து சாம்பல் நிறத்தில் கூழ் வழிந்து டயரில் கோடுகோடாக இறங்கியிருந்தது. சேறு இல்லை. விரலில் தொட்டுத் தேய்த்தால் ஈயம் பூசினாற்போல மினுங்கியது. அலுமினியம். சாலை மணல் ஈரமான ரப்பர் கட்டையில் ஒட்டிக்கொண்டு, உப்புத்தாள் மாதிரி ரிம்மை அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது. கட்டையை விலக்கிப் பார்த்தேன். ரப்பருக்குள் ஊசிமுனை அளவில் உலோகச் சில்லுகள் புதைந்து கிடந்தன. அவை ரிம்மிலிருந்து பிய்ந்தவைதான். இப்போது அதே ரிம்மைக் கீறிக்கொண்டிருந்தன. பையில் எப்போதும் இருக்கும் ஊக்கை எடுத்து ஒவ்வொன்றாக நோண்டி எடுத்தேன். தூறலில் குந்தி உட்கார்ந்து இதைச் செய்கையில், மேலே போகிற பஸ்ஸின் ஜன்னலில் இருந்த ஒரு பாட்டி என்னைப் பார்த்துக்கொண்டே போனது.

டிஸ்க்கா ரிம்மா என்று பேசுகிறவர்கள் எது சீக்கிரம் நிறுத்தும் என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். உலர்ந்த சாலையில் நல்ல வி-பிரேக்கும் சக்கரத்தைப் பூட்டிவிடும். அதற்குமேல் நிறுத்துவது டயரின் பிடிப்பு, பிரேக் இல்லை. கேட்க வேண்டியது, நிறுத்தும்போது தேய்கிற பொருள் எது என்பதை. டிஸ்க்கில் தேய்வது வில்லை. தட்டும் தேயும், ஆனால் மெதுவாக. 1.8 மில்லிமீட்டர் தடிமனில் வருவது 1.5-க்கு இறங்கினால் ஆறு போல்ட்டைக் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். ரிம் பிரேக்கில் ரப்பரோடு சேர்ந்து சக்கரமே தேய்கிறது. ரிம்மின் பக்கச் சுவர் உட்குழிந்துகொண்டே போகும். உள்ளே காற்று அழுத்தம் வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால், ஒருநாள் சுவர் பிளந்து டயரோடு வெளியே வரும். இதற்காகவே நல்ல ரிம்களில் மெல்லிய ஒரு கோடு வெட்டியிருப்பார்கள். கோடு அழிந்தால் ரிம்முக்கு ஆயுள் முடிந்தது. என் முன்சக்கரத்தில் கோட்டைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

பாதி மலை இறங்கியதும் மழை விட்டது. கீழ் வளைவுகள் காய்ந்து கிடந்தன. இனி என் ராஜ்ஜியம்.

காய்ந்த இறக்கத்தில் எதிரி சூடு. ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது 1000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் வெளியாகும் ஆற்றல், மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். நேரான சாலையில் வேகமாக விட்டால் இதில் பெரும்பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். கொல்லிமலையில் அதற்கு வழியில்லை. வேகம் எடுப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். எனவே அநேகமாக எல்லாமே பிரேக்கின் தலையில். இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்தபடியே நடுத்தர வேகத்தில் இறங்குவதுதான் இருப்பதிலேயே மோசம். காற்றும் உதவாது, ஆறவும் நேரம் கிடையாது. ரிம் பெரியது, அலுமினியம், காற்றில் விரிந்து ஓடுவது, சீக்கிரம் ஆறிவிடும். ஆனால் அதற்குள்ளேதான் டியூப் இருக்கிறது. ரிம் அளவு மீறிச் சூடானால் டியூப் வெடிக்கும். இருவர் மிதிக்கும் டேண்டம் சைக்கிள்களில் மலைப்பாதைக்கென்று தனியாக ஒரு டிரம் பிரேக் வைப்பது இதனால்தான். டிஸ்க் எவ்வளவு சூடானாலும் டியூபைத் தொடாது. ஆனால் அந்தச் சின்ன எஃகுத் தட்டு மொத்தச் சூட்டையும் தாங்க வேண்டும்.

ஒரு வளைவில் நின்று பாட்டில் தண்ணீரை அவன் தட்டின்மேல் ஒரு துளி விட்டேன். சுர்ரென்று பொங்கி மறைந்தது. என் ரிம்மில் உள்ளங்கையை வைக்க முடிந்தது, வெகுநேரம் முடியவில்லை. அதற்குப் பிறகு அவன் பிரேக் ஒவ்வொரு வளைவிலும் கீச்சிட ஆரம்பித்தது. சூட்டில் வில்லையின் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி இறுகிப்போனால் அப்படித்தான் கத்தும். சின்னப் பையனாக இருந்தால் அழுகிறான் என்று தூக்கி வைத்துக்கொள்ளலாம் போல.

காரவள்ளி டீக்கடையில் ஒரு லாரி டிரைவர் எங்கள் சக்கரங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாமக்கல் பக்கத்தில் பிரேக் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆள் கிடைப்பது கஷ்டம். “எந்தக் கியர்ல ஏறினமோ அதே கியர்லதானுங்க எறங்கணும். பிரேக்கையே நம்புனா டிரம் பழுத்துரும்” என்றார். லாரிக்கு இறக்கத்தில் இன்ஜினே பாதிப் பிரேக். சைக்கிளுக்கு அந்த வசதி இல்லை. மிதிக்காவிட்டால் சங்கிலி நின்றுவிடும், பின்சக்கரம் சும்மா ஓடும். நாம் செய்யக்கூடியது முறை வைத்துப் பிடிப்பதுதான். வளைவுக்கு முன் அழுத்தமாக, குறைந்த நேரம்; அப்புறம் முழுசாக விட்டுவிட்டு ஆறவிடுவது; முன்னும் பின்னும் சுமையைப் பங்குபோடுவது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலை ரயிலில்கூட பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். இன்ஜினை மட்டும் நம்பி விடவில்லை.

அன்று மாலை சைக்கிள்களை ஒரு வேனில் படுக்க வைத்து ராசிபுரம் வந்தோம். வழியில் யாரோ ஏறி, அரிசி மூட்டையை மேலே சாய்த்திருக்கிறார்கள். இறக்கிப் பார்த்தால் மைத்துனனின் பின் டிஸ்க் வளைந்து, சுற்றுக்கு ஒரு முறை ‘சிங்’ என்றது. பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை. ஸ்டாண்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அரசாங்கச் சைக்கிள்கள், சுவரில் தொங்கும் டயர்கள், தண்ணீர்த் தொட்டி. கடைப் பெரியவர் இந்த மாதிரித் தட்டுக்கு வேலை செய்ததில்லை என்றார். ஆனாலும் வில்லைகளுக்கு இடையில் பார்வையை வைத்து, சக்கரத்தை மெல்ல உருட்டி, இடறுகிற இடத்தில் சாக்பீஸால் குறி போட்டு, ஸ்க்ரூ ஸ்பேனரால் ஒரு நெளி. மறுபடி உருட்டல். ரிம்முக்குப் பெண்டு எடுத்துப் பழகிய கை. கால் மணி நேரத்தில் ‘சிங்’ போய்விட்டது.

லீவர் தொளதொளவென்று இருந்ததுதான் மிச்சம். எண்ணெயில் காற்று புகுந்திருக்கிறது. பக்கத்து பைக் மெக்கானிக்கிடம் பிரேக் எண்ணெய் டப்பா டப்பாவாக இருந்தது, எல்லாம் டாட் வகை. மைத்துனனின் பிரேக்குக்கு மினரல் ஆயில். மாற்றி ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல் ஊதிப்போகும். அவன் வில்லையும் அங்கே எந்தக் கடையிலும் இல்லை. எனக்கு வேண்டிய ரப்பர் கட்டை பெரியவரின் கண்ணாடிப் பெட்டியிலேயே ஒரு டஜன் கிடந்தது. மைத்துனன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

நான் சிரித்திருக்கலாம். ஆனால் பெரியவர் என் முன் ரிம்மின்மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். “உள்ள குழிஞ்சு போச்சுங்க தம்பி. இன்னொரு மலை தாங்காது.”

சைக்கிள் பந்தயக்காரர்களும் இந்த வழக்கில் வெகுகாலம் திண்டாடினார்கள். 2016-இல் தட்டு ஒரு வீரரின் காலை வெட்டிவிட்டது என்ற புகாரில், பந்தயங்களில் நடந்துவந்த டிஸ்க் சோதனையையே நிறுத்தி வைத்து, 2018-இல்தான் சாலைப் பந்தயங்களில் டிஸ்க்கை முழுசாக அனுமதித்தார்கள். அவர்கள் கவலை வேறு. பின்னாலேயே கார், காரில் மாற்றுச் சக்கரம், மெக்கானிக். மூட்டை கட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறவனுக்கு ராசிபுரத்தில் என்ன கிடைக்கும் என்பதுதான் கணக்கு.

என்னைக் கேட்டால், தஞ்சாவூர்ப் பக்கமோ கிழக்குக் கடற்கரையோரமோ போகிறவர் ரிம் பிரேக்கை மாற்றவே தேவையில்லை. நாளெல்லாம் மிதித்தாலும் ஆட்டுக்கும் பஸ்ஸுக்கும் தவிர அதைத் தொடப்போவதில்லை. மலையும் மழையும் பாரமும் சேர்ந்தால் டிஸ்க்தான், அதில் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை. வழியில் ஒரு போக்ஸ் கம்பி உடைந்து சக்கரம் கோணினாலும் டிஸ்க் அதைக் கண்டுகொள்ளாது. ரிம் பிரேக் உரசியே உயிரை எடுத்துவிடும். ஆனால் எண்ணெய் வேண்டாம். கேபிளில் இழுக்கிற டிஸ்க் போதும். பிடிப்பு ஒரு மாற்றுக் குறைவு, கையும் கொஞ்சம் வலிக்கும். ஆனால் அறுந்தால் எந்த ஊர்க் கடையிலும் கேபிள் உண்டு. வில்லை இரண்டு ஜோடி பையில் போட்டுக்கொண்டால் தீப்பெட்டி இடம்கூட எடுக்காது.

மைத்துனன் கேபிள் டிஸ்க் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறான். அடுத்து வால்பாறை, 40 வளைவு. என் பழைய சட்டத்திலும் ஃபோர்க்கிலும் டிஸ்க் மாட்ட இடமே கிடையாது. ஒட்டவைத்தாலும் அந்த மெல்லிய ஃபோர்க் ஒரு பக்கமாக இழுக்கும் பாரத்தைத் தாங்காது. அதனால் ராசிபுரம் பெரியவரிடமே புது ரிம் கட்டச் சொல்லிவிட்டேன், 36 போக்ஸ், பழைய ஹப்பிலேயே. பழைய ரிம்மை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கிலோ கணக்கில் காயலான் கடைக்குப் போகும், ஆனால் எடை கொஞ்சம் குறைச்சலாத்தான் நிக்கும் என்றார்.