கோட்டை மதிலும் நத்தார்ச் சந்தையும்

மதில் சூழ்ந்த பழைய நகரங்களிலே நத்தார்ச் சந்தை கூட்டுவது மேனாட்டார் சிலர் வழக்கம். ஜெர்மனி தேசத்து நூரம்பேர்க் நகரின் சந்தை அவற்றுட் புகழ் மிக்கது. அச்சந்தையின் பழைமைக்குச் சான்றாக, அதன் பரிசுப்பொருள் எனக் குறித்து 1628 ஆம் ஆண்டு பொறிக்கப்பெற்ற மரப்பேழை ஒன்று அந்நகர் அரும்பொருட்சாலையிலே பேணப்படுகின்றது. அதே 1628 இலேதான் போர்த்துக்கேயர் நம் புளியந்தீவிலே கோட்டை கட்டினர். இவ்வொற்றுமையை வகுப்பிலே எடுத்துரைத்தபோது, நம்மூர்க் கோட்டையையும் நத்தார்க் கடைத்தெருவையும் ஒருசேரக் காணவேண்டுமென மாணவர் விழைந்தனர். சென்ற நத்தாருக்கு முன்னர் அவர்களை அழைத்துச் சென்றோம்.

இரு பக்கம் வாவியும், இரு பக்கம் அகழியும், நான்கு மூலையிலும் கொத்தளமுமாய் நிற்கின்றது கோட்டை. கட்டியவர் அதனை ஆண்டது பத்தாண்டே. 1638 இல், இரண்டாம் இராஜசிங்க மன்னனின் துணைவராய் வந்த ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1795 இல் ஆங்கிலேயர் கைக்கொண்டனர். இன்று காவலும் இல்லை, பகையும் இல்லை. மதிலின்மேல் வாவிக்காற்று வீசுகின்றது.

அங்கிருந்து கடைத்தெருவை அடைந்தோம். நடைபாதை முழுவதும் புடைவை, நட்சத்திரக் கூடு, மின்விளக்குச் சரம், கேக்குக்கான ரவை, மரமுந்திரிகைப் பருப்பு, திராட்சை வற்றல். விற்பவர் பலர் முஸ்லிம்கள்; வாங்குவோருள் இந்துக்களும் குறைவில்லை. அந்நெரிசலில் ஒரு மாணவன், "ஐயா, சப்பாத்து என்பது தமிழ்ச் சொல்லா?" என்று வினவினான்.

தூய தமிழ் பேணுதல் நம் தொழில். ஆயினும் அன்று அக்கேள்வி நமக்கு மகிழ்ச்சியே தந்தது. சப்பாத்து போர்த்துக்கேயர் சொல் என்றோம். கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி, லேஞ்சி, பாண் ஆகியனவும் அவர்தம் மொழிவழி வந்தவை. அன்றைய தினம் நாம் காணச் சென்ற 'நத்தார்' என்பதும் அவர்களுடைய 'நாத்தால்' என்பதன் திரிபே. பீரங்கி காத்த கோட்டை பத்தாண்டிற் கைமாறிற்று. கொடுக்கல் வாங்கலில் நம் நாவிற் புகுந்த சொற்களோ நானூறு ஆண்டாக இவ்வீதியிலே வழங்குகின்றன.

அருகே தம் பேர்த்திக்குச் சப்பாத்துப் பார்த்துக்கொண்டிருந்த பறங்கிய மூதாட்டியார் ஒருவர் எம் உரையாடலைக் கேட்டுப் புன்னகைத்தார். சிறுமியிடம் தம் வீட்டுப் போர்த்துக்கேயத்திலே ஏதோ கூறினார். அவள் தமிழிலே மறுமொழி தந்தாள். "பிள்ளைக்கு விளங்கும், வாத்தியார், பேச வராது" என்றார் அம்மூதாட்டியார். அவர் குரலிலே குறை கூறும் தொனி இல்லை. அதுவே நம் நெஞ்சை வருத்தியது.

தச்சு, கொல்லு, சப்பாத்துத் தொழில் என நம் நகருக்குக் கைத்தொழில் பல வளர்த்த சமூகம் அது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாட் காலை, நத்தார்ப் பண்டம் வீட்டிலே தீருமுன்னரே, ஆழிப்பேரலை டச்பார்ப் பகுதியிற் புகுந்து அச்சமூகத்தவர் பலரைக் கொண்டு சென்றது. சிறு சமூகத்திலே முதியவர் ஒருவர் மறையின், அவரோடு மறையும் சொற்கள் எத்துணை! தமக்குரிய சொற்களை நமக்கு ஈந்த மொழி தன் வீட்டிலேயே நலிகின்றது. ஈழத்திலே தாய்மொழிக்காக அல்லலுற்ற நமக்கு அவ்விழப்பின் கனம் தெரியாததன்று.

பழைய மாணவர்களே, இளஞ் செல்வங்களே! உங்கள் தெருவிலும் அத்தகைய முதியோர் இருக்கக்கூடும். நத்தார் வாழ்த்துக் கூறச் செல்லுங்கால் சிறிது நேரம் அமர்ந்து அவர் பேச்சைக் கேளுங்கள். அன்று உடன்வந்த மாணவர் ஒரு கொப்பியிலே அச்சொற்களை எழுதத் தொடங்கியுள்ளனர். அம்மூதாட்டியார் இல்லத்திற்கு இருமுறை சென்று வந்தனர். இரண்டாம் முறை, பாட்டியார் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தவள் அச்சிறுமியே.